பொச்சாவாமையும் மதுமீட்சியும்: தேயிலைத் தோட்டச் சூழலில் மனவிழிப்புப் பயிற்சி

முன்னுரை

குடிப்பழக்கத்திலிருந்து விடுபட்டோர் மீண்டும் அப்பழக்கத்தில் வீழாமல் காப்பதற்கு மனவிழிப்புத் தியானம் எவ்வாறு பயன்படுகிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் பின்புலமாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம். உளவியல் மருத்துவர்களுக்குரிய பொருளைத் தமிழாய்விதழில் எழுதுவானேன் என்னும் வினா எழலாம். தோட்டப்புறத்தில் குடியால் சிதையும் குடும்பத்தின் முதல் அறிகுறியைக் காண்பவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளையின் முகத்தில் அதனை அவர் படித்துவிடுகிறார். மேலும், இப்பயிற்சி தமிழ் பேசும் தொழிலாளரைச் சென்றடைய வேண்டுமாயின் அதற்குரிய தமிழ்ச்சொல் எது என்பதும் நம் துறையைச் சார்ந்த சிக்கலேயாகும்.

மலையும் மதுவும்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மலைப்பகுதியில், 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. இத்தோட்டங்களின் காட்டை அழித்துக் கொழுந்து பறித்தோருள் தமிழர் பெரும்பங்கினர். இன்று நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளின் தொழிலாளரே தோட்டங்களில் மிகுதியாக உள்ளனர். எனினும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களிலும் தோட்டத்து லயங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன.

மலாயாத் தோட்டப்புறங்களில் கள்ளுக்கடை என்பது கோயிலையும் பள்ளியையும் போலத் தோட்ட அமைப்பின் ஓர் உறுப்பாகவே இருந்தது. தென்னை செழிக்காத குளிர்மலையில் கள்ளைவிடச் சாராய வகைகளே எளிதில் கிட்டின. சம்சு என மக்கள் வழங்கும் மலிவான மது நாடெங்கும் தோட்டக் குடும்பங்களை அலைக்கழித்தது. குளிருக்கு இதமாக இருக்கும் என்பது மலைவாழ்வோர் மதுவுக்குக் கூறும் காரணம். உண்மையில் மது தோலின் இரத்த நாளங்களை விரிக்கின்றது. அதனால் மேனி சூடாவது போன்ற உணர்வு தோன்றினும் உடலின் உள்வெப்பம் வெளியேறி விடுகின்றது. குளிருக்குக் குடிப்பவன் மேலும் குளிர்கிறான்.

நம் மக்கள் இக்கேட்டை வாளா பார்த்துக்கொண்டிருந்தனர் என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப்பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலை மேற்கொண்டது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காவல்துறையினரோடு ஏற்பட்ட மோதலில் உயிரிழப்பும் நேர்ந்தது. இப்போராட்டங்கள் கடையை இலக்காகக் கொண்டவை. அது சரியான இலக்கே என்பது எமது துணிபு. ஆயினும் கடை மூடிய பின்னும், மருத்துவமனையிலிருந்து தெளிந்து திரும்பிய பின்னும், அதே லயத்து வீட்டில், அதே நண்பர் நடுவில் மாலைப்பொழுதைக் கழிக்க வேண்டியவனின் உள்ளத்தில் எழும் வேட்கையை மறியலால் தடுக்க இயலாது.

இங்கு மற்றொன்றையும் சுட்டவேண்டும். 1983ஆம் ஆண்டுப் போதைப்பித்தர் (சிகிச்சை, மறுவாழ்வு)ச் சட்டம் போதைப்பொருளுக்கு உரியதேயன்றி மதுவுக்கு உரியதன்று. கஞ்சாவுக்கும் அபினுக்கும் அடிமையானவர்க்கு அரசு அமைத்த மறுவாழ்வு ஏற்பாடு குடிக்கு அடிமையானவர்க்கு அவ்வாறு அமையவில்லை. குடியர் பொது மருத்துவமனையையும் தன்னார்வக் குழுக்களையும் நாடவேண்டியவராகின்றனர்.

சறுக்கலும் வீழ்ச்சியும்

வாசிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஆலன் மார்லட் (மறைவு 2011) 1985இல் கோர்டனுடன் இணைந்து வெளியிட்ட நூல் மீள்வீழ்ச்சித் தடுப்பு என்னும் துறைக்கு அடிப்படையாயிற்று. குடியை விட்டவர் எத்தகைய சூழலில் மீண்டும் குடிக்கின்றனர் என்பதை அவர் வகைப்படுத்தினார். துயரம், சினம், சலிப்பு போன்ற உளநிலைகள், பிறரோடு ஏற்படும் பூசல், நண்பரின் வற்புறுத்தல் என்பன அவற்றுள் முதன்மையானவை. மகிழ்ச்சியும் கொண்டாட்டமும் அப்பட்டியலில் இடம்பெறுவது நாம் கருதத்தக்கது.

மார்லட்டின் மற்றொரு பங்களிப்பு, சறுக்கலையும் வீழ்ச்சியையும் வேறுபடுத்தியமையாகும். விரதம் காத்தவன் ஒரு குவளை குடித்துவிடுகிறான், இது சறுக்கல். “கெட்டது கெட்டுவிட்டது, இனி எவ்வளவு குடித்தால் என்ன” என்று எண்ணி அவன் பழைய நிலைக்கே செல்வது வீழ்ச்சி. சறுக்கலை வீழ்ச்சியாக மாற்றுவது மது மட்டுமன்று; குற்றவுணர்ச்சியும் தன்மேல் கொண்ட வெறுப்புமே அதற்குப் பெரும் காரணங்கள் என்பது அவர்தம் விளக்கம். குடியரை ஊர்நடுவே நிறுத்தி இழித்துரைப்பதே திருத்தும் வழி என நம்புவோர் இதனை ஊன்றி நோக்கவேண்டும்.

நம் சூழலில் இதற்கு நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. தைப்பூசத்திற்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நோன்பிருப்போருள் பெருங்குடியரும் உளர். அந்நாள்களில் அவர்கள் மதுவைத் தொடுவதில்லை. காவடி இறக்கி மாலையைக் கழற்றிய சில நாளில் பலர் பழைய நிலைக்குத் திரும்புகின்றனர். இதனை நகைப்புக்குரியதாகக் காண்போர் உண்டு. நாம் அவ்வாறு காணவில்லை. குடியை நிறுத்தும் ஆற்றல் அவரிடம் உண்டென்பதை அந்த 48 நாள் மெய்ப்பிக்கிறது. நோன்பு காவலாய் நின்றவரை அவர் நின்றார். காவல் நீங்கியபோது அதன் இடத்தில் நிற்க வேறொன்றும் பயிற்றுவிக்கப்படவில்லை.

மனவிழிப்புப் பயிற்சியின் இயல்பு

அவ்விடத்தில் நிற்கக்கூடிய ஒன்றாகவே மனவிழிப்புப் பயிற்சி முன்வைக்கப்படுகிறது. பௌத்தத் தியான மரபிலிருந்து சமயச் சார்பு நீக்கி எடுக்கப்பட்ட பயிற்சிமுறையை 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் வகுத்தார்; அது நாட்பட்ட வலியும் மனவழுத்தமும் உடையோர்க்கானது. அதன் எட்டுவார அமைப்பை மார்லட்டும் அவர்தம் மாணவர்களும் மீள்வீழ்ச்சித் தடுப்பு முறையோடு இணைத்தனர்.

இப்பயிற்சி வேட்கையை அடக்கச் சொல்வதில்லை. அதுவே இதன் தனித்தன்மை. வேட்கை எழும்போது அது உடலில் எங்கே தோன்றுகிறது என நோக்கச் சொல்கிறது. தொண்டை வறள்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, கை நடுங்குகிறதா, எந்த எண்ணம் உடன் வருகிறது என ஒவ்வொன்றாகக் காணவேண்டும். மார்லட் இதனை அலைமேல் செல்வதற்கு ஒப்பிட்டார். வேட்கை அலைபோல் எழும், உச்சியை அடையும், பின் தணியும். எதிர்த்து நிற்பவனைப் புரட்டும் அலை, அதன்மேல் மிதப்பவனைக் கடந்து செல்லும். வேட்கை எழுதலுக்கும் கை குவளையை நாடுவதற்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. பழக்கம் முற்றியவனுக்கு அவ்விடைவெளி புலப்படுவதேயில்லை. அதனைப் புலப்படச் செய்வதே இங்குத் தியானத்தின் பணி.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் இப்பயிற்சிக்கு வழங்கும் சொல், பாளி மொழியின் ‘சதி’ என்பதற்கு 1881இல் ரைஸ் டேவிட்ஸ் தந்த மொழிபெயர்ப்பாகும். சதி என்பதன் வடமொழி வடிவம் ‘ஸ்மிருதி’. அடிப்படைப் பொருள் நினைவு. தமிழில் விழிப்புணர்வு, கவனக்குவிப்பு, முழுக்கவனம் எனப் பலவாறு இன்று மொழிபெயர்க்கின்றனர். விழிப்புணர்வு என்னும் சொல் எய்ட்ஸ் விழிப்புணர்வு, சாலை விழிப்புணர்வு எனப் பரப்புரைச் சொல்லாகித் தேய்ந்துவிட்டது. கவனக்குவிப்பு என்பது ஒருமுகப்படுத்தலைக் குறித்துவிடுகிறது. அது சமாதிக்குரிய பொருளேயன்றிச் சதிக்குரியதன்று. எண்வகை நெறியைத் தமிழில் கூறுவோர் நற்கடைப்பிடி எனச் சதியைப் பெயர்த்துள்ளனர். கடைப்பிடி என்பதற்கு மறவாமை என்னும் பொருள் உண்டு என்பதைத் தமிழாசிரியர் அறிவர். பிறர்க்கு அது ‘பின்பற்று’ என்றே கேட்கும். இக்கட்டுரையில் மனவிழிப்பு எனக் கையாள்வது ஓர் ஏற்பாடேயாகும்.

இவற்றினும் பொருத்தமான கருத்து வள்ளுவரிடம் உள்ளது என்பது எமது கருத்து. குடியைப் பற்றிப் பேசப் புகுவோர் அனைவரும் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையையே எடுத்தாள்கின்றனர். அது குடியின் இழிவைக் கூறுவது. குடியாதவனுக்கு அரணாகும், குடித்தவனுக்கு நாணம் தரும். குடியை விட்டவனுக்கு உரியது 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையே. பொச்சாப்பு என்பது மறதி, அதிலும் மகிழ்ச்சி மிகுதியால் வரும் சோர்வு. பரிமேலழகர் அதனை அரசன்மேல் ஏற்றி, செல்வமும் ஆற்றலும் தந்த களிப்பால் தன்னைக் காத்தலில் சோர்தல் என விளக்குகிறார். அரசனை நீக்கிவிட்டு, மூன்று மாதம் குடியாதிருந்து, தீபாவளிக் களிப்பில் “இனி என்னை அது ஒன்றும் செய்யாது” என்று ஒரு குவளையை ஏற்பவனை அவ்விடத்தில் வைத்துப் பார்க்கலாம். மார்லட் மகிழ்ச்சியையும் வீழ்ச்சியின் வாயிலாகக் கண்டதற்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வியப்பளிக்கிறது.

இது வலிந்து பொருத்தியதன்று. பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவதற்குக் கூறும் காரணம், அது ‘பமாத’த்திற்கு இடமாவது என்பதே. பமாதம் என்பது பொச்சாப்பு. அதன் எதிர்ச்சொல்லாகிய அப்பமாதத்திற்குப் பாளி உரையாசிரியர்கள் சதி நீங்காதிருத்தல் என்றே பொருள் உரைக்கின்றனர். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் நாகர் தலைவனிடம் கள்ளை மறுத்துரைக்கும் பகுதியும் இம்மரபைச் சார்ந்ததே. ஆகவே சியாட்டலிலிருந்து வந்த இப்பயிற்சி நம் மொழிக்கு முற்றிலும் புதிய விருந்தன்று.

ஆய்வுகள் கூறுவன

ஆர்வ மிகுதியால் இப்பயிற்சியை மருந்தெனப் பரப்புவோரும் உளர். ஆதலின் சான்றுகளை அளந்து கூறுதல் வேண்டும். 2014இல் சாரா போவனும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், தொடக்கச் சிகிச்சையை முடித்த 286 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆறாம் மாதத்தில், வழக்கமான தொடர்சிகிச்சை பெற்றோரைவிட மனவிழிப்புக் குழுவினரும் மார்லட்டின் பழைய முறையில் பயின்றோரும் நன்னிலையில் இருந்தனர். முதல் போதைப்பொருள் பயன்பாட்டைத் தள்ளிப்போடுவதில் பழைய முறையே மேலோங்கியது. பன்னிரண்டாம் மாதத்தில் போதையில் கழிந்த நாள்களின் எண்ணிக்கையும் மிகைக்குடியும் மனவிழிப்புக் குழுவில் குறைந்திருந்தன. நாட்செல்லச் செல்லப் பயன் தெரிந்தது என்பதே இவ்வாய்வின் சுவையான செய்தி. ஆயின் 2021இல் 40 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்பாய்வு, பிற சிகிச்சைகளைவிட இது சிறந்ததா என்பதற்குரிய சான்று உறுதியற்றது என்றே முடிவு கூறியது. மனவிழிப்பு ஒரு துணை. தனித்து நிற்கும் மருத்துவமன்று.

நெடுநாள் பெருங்குடியர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாள்களில் வலிப்பும் பிதற்றலும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். அந்நாள்களில் அவர்க்குத் தேவை மருத்துவமனையே; மூச்சை நோக்குமாறு அறிவுரை கூறுதல் அப்போது தீங்காகும். தியானத்திற்குரிய காலம் உடல் தெளிந்த பின்னரே தொடங்குகிறது.

தோட்டத்தில் பயிற்றுவித்தல்

சென்னையின் டி.டி.கே. மருத்துவமனை 1980இல் சாந்தி ரங்கநாதன் அவர்களால் தொடங்கப்பட்டது. மஞ்சக்குடிச் சிற்றூரில் அது நடத்திய சிகிச்சை முகாம்கள், குடியரை நகருக்கு அழைக்காமல் ஊருக்கே சிகிச்சையைக் கொண்டுசென்றவை. குடும்பமும் ஊராரும் அதில் பங்கேற்றனர். தோட்டத்திற்குப் பொருந்துவது இம்முறையே. தனியறையும் அமைதியும் லயத்து வீட்டில் கிட்டா. கோயில் மண்டபமோ பள்ளி வகுப்பறையோ கிட்டும்.

கொழுந்து பறித்தலே ஒரு தியானம் என எழுதும் சுற்றுலாக் கையேட்டு நடையை நாம் ஏற்பதற்கில்லை. எடைக்குக் கூலி பெறுபவர்க்கு மூச்சை நோக்கப் பொழுதில்லை. இயந்திரக் கத்தரியின் இரைச்சலில் அது நடவாது. மேலும் கூலியும் குடியிருப்பும் சீர்பெறாத இடத்தில் மனவிழிப்பை மட்டும் கற்பித்தல், சுமையைத் தொழிலாளியின் உள்ளத்தின்மேலேயே ஏற்றிவிடும். தொண்டர் படையின் கேள்விகள் இன்னும் காலாவதியாகிவிடவில்லை.

பயிற்சியின்போது பொச்சாவாமை என்னும் சொல்லைத் தொழிலாளரிடம் கூறவேண்டுவதில்லை. அது கற்பிப்போர்க்குத் தெளிவு தரும் சொல். அவரிடம் “அண்ணே, ஆசை வருதா? கொஞ்சம் நில்லுங்க. எங்க வருதுன்னு பாருங்க. மூச்ச விடுங்க. போவுதா பாருங்க” எனத் தோட்டத்துப் பேச்சிலேயே சொல்லுதல் வேண்டும். தொடங்குவதற்குரிய நாளும் நம் வழக்கிலேயே உள்ளது. எட்டு வாரம் என்பது 56 நாள். தைப்பூச நோன்பு ஏற்கும் நாளிலேயே கோயிலில் பயிற்சியைத் தொடங்கினால் 48ஆம் நாள் மாலை கழலும். அதன்பின்னும் எட்டு நாள் பயிற்சி எஞ்சியிருக்கும்.