காலை உணவும் பத்து மணிக் கூழும்

காலை உணவைத் தவிர்ப்பது பற்றி இரண்டு நம்பிக்கைகள் புழக்கத்தில் இருக்கின்றன. காலையில் சாப்பிடாவிட்டால் உடலின் வளர்சிதை மாற்றம் மந்தமாகி, பிறகு சாப்பிடுவதெல்லாம் கொழுப்பாகத் தங்கிவிடும் என்பது ஒன்று. காலைச் சாப்பாட்டை விட்டாலே எடை தானாக இறங்கிவிடும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இவ்விரண்டையும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே ஆளிடமே கேட்கலாம். இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டுமே அங்கே தேறவில்லை.

வளர்சிதை மாற்றம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உடல் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலை. அதில் பெரும்பங்கு, ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம், சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவு: இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவை ஓடுவதற்கான வாடகை. சாப்பிட்டதைச் செரிக்க ஆகும் செலவு சுமார் 10 சதவீதம். மிச்சம் நடை, வேலை, எழுந்து உட்காருவது என்று உடல் அசைவதற்குப் போகிறது. செரிமானச் செலவு உணவுக்கு உணவு மாறும். புரதத்தில் உள்ள ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்திலேயே கரைந்துவிடுகிறது. மாவுச்சத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். கொழுப்பில் அதைவிடவும் குறைவு. "காலை உணவு வளர்சிதை மாற்றத்தைத் தூண்டிவிடும்" என்ற பேச்சு இந்தச் செரிமானச் செலவைப் பார்த்துப் பிறந்தது. ஆனால் அந்தச் செலவு சாப்பிட்ட அளவைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்ததன்று என்றே சொல்லலாம். காலையில் சாப்பிடாததை மதியம் சாப்பிட்டால், செரிமானச் செலவும் மதியம் ஆகும்.

ஓய்வுநிலைச் செலவு குறைகிறதா என்பதை நேரடியாக அளந்தது இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம். 2014இல் வெளியான அந்த ஆய்வில், ஒல்லியான 33 பேர் இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓர் அணி காலை 11 மணிக்குள் குறைந்தது 700 கலோரி சாப்பிட வேண்டும். மற்றொன்று நண்பகல் வரை தண்ணீரோடு சரி. 700 கலோரி என்பது சின்னச் சாப்பாடு அன்று. நான்கு இட்லி, ஒரு வடை, சாம்பார், சட்னி, பால் காபி என்று எல்லாம் சேர்ந்தால்தான் அதை நெருங்கும். ஆறு வாரத்துக்குப் பிறகு அளந்தபோது ஓய்வுநிலைச் செலவில் மாற்றம் ஒரு நாளைக்கு 11 கலோரிக்குள் அடங்கியது. அரைத் தேக்கரண்டிச் சர்க்கரைக்கும் சற்று மேல், அவ்வளவே. மந்தமாவது என்ற கதை அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் அதே ஆய்வில் வேறொன்று தெரிந்தது. காலையில் சாப்பிட்டவர்கள் கூடுதலாக அசைந்தார்கள்; அதில் மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 442 கலோரி அதிகம் செலவானது. ஓடியதோ உடற்பயிற்சியோ இல்லை. பெரும்பாலும் நடப்பது, எழுவது, கைவேலை போன்ற சில்லறை அசைவுகள். அப்படியிருந்தும் இரு அணிகளின் எடையிலும் வித்தியாசம் வரவில்லை. காலையில் சாப்பிட்டவர்கள் நாள் கணக்கில் சுமார் 539 கலோரி அதிகம் உண்டதும் அதற்கு ஒரு காரணம். இந்தப் பக்கம் கூடியதை அந்தப் பக்கம் கழித்துவிட்டது. உடல் பருமனானவர்களிடம் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது காலை நேர அசைவு கூடியது. நாள் முழுதுக்குமான வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை.

பட்டினி உடலின் செலவைக் குறைக்கும் என்பது முழுப் பொய்யும் அன்று. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் வைத்திருந்தார். அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். ஓய்வுநிலைச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. அது மாதக் கணக்கில் நீண்ட பட்டினி. நாள் கணக்கில் நிற்கும் பட்டினியில் நடப்பது வேறு. வியன்னாவில் ஒல்லியானவர்களைச் சில நாள் உணவில்லாமல் வைத்து அளந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் நாட்களில் ஓய்வுநிலைச் செலவு குறையாமல் சற்று ஏறவே செய்தது. இரை தேடி அலைய வேண்டிய உயிருக்கு நோரெபிநெஃப்ரின் என்ற ஹார்மோன் சுரந்து உடலை உசுப்பிவிடுகிறது. ஒரு வேளை இட்லியை விட்டவருக்கும் மின்னசோட்டா இளைஞர்களுக்கும் ஒரே விதி என்று பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

காலை உணவே முதன்மையானது என்ற சொல்லுக்குப் பின்னால் வியாபாரமும் உண்டு. 1917இல் அதை அச்சில் ஏற்றிய இதழ்களில் ஒன்று 'குட் ஹெல்த்'. அதன் ஆசிரியர் ஜான் ஹார்வி கெல்லாக், தானியச் சீவல்களால் புகழ்பெற்ற குடும்பத்தவர். பிற்காலத்தில் அதற்கு அறிவியல் தோற்றம் தந்தவை கணக்கெடுப்புகள். எடையைக் குறைத்து, குறைந்த எடையைத் தக்க வைத்தவர்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் 2,959 பேரைக் கேட்டபோது 78 சதவீதத்தினர் தினமும் காலை உணவு உண்பதாகச் சொன்னார்கள். இதிலிருந்து காலை உணவுதான் எடையைக் குறைத்தது என்று முடிவு கட்ட முடியாது. நேரத்துக்குச் சாப்பிடுகிறவர் நேரத்துக்குத் தூங்குகிறவராகவும், புகை பிடிக்காதவராகவும், நடைப்பயிற்சி போகிறவராகவும் இருக்கலாம்.

குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தவர்களின் கண்டுபிடிப்பு அடக்கமானது. அமெரிக்காவில் 309 பேரை 16 வாரம் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், காலையில் சாப்பிடு என்று சொல்லப்பட்டவர்களுக்கும் சாப்பிடாதே என்று சொல்லப்பட்டவர்களுக்கும் எடைக் குறைவில் வித்தியாசமே இல்லை. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 2019இல் 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் நாளுக்கு சுமார் 260 கலோரி அதிகம் உண்டார்கள். எடை சராசரியாக 0.44 கிலோ அதிகம். அரைக் கிலோகூட இல்லை. பல ஆய்வுகள் சில வாரங்களே நடந்தவை, தரமும் உயர்ந்ததில்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். நண்பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டுமே சாப்பிடும் முறையை 116 பேரிடம் 12 வாரம் சோதித்து 2020இல் வெளியிட்டது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழு. அந்த அணி 0.94 கிலோ குறைந்தது. வழக்கம்போல் மூன்று வேளை உண்டவர்கள் 0.68 கிலோ. அதைச் சாதனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த எண்களை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் வருகிறது. இங்கே காலை உணவு என்ற சொல்லுக்கே ஒரே பொருள் இல்லை. விழுப்புரம் சந்திப்பில் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு வீட்டில் இட்லி வேகும் நேரம் இருப்பதில்லை. மரக்காணம் உப்பளத்தில் இருக்கிறவர் வெயிலுக்கு முன் பாதி வேலையை முடித்தாக வேண்டும். நடவுக்கோ களை எடுக்கவோ போகிற பெண்கள் வீட்டு வேலையை முடித்து, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பி, ஒன்பது பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்கைத் திறப்பது பழைய வழக்கம். உள்ளே பழைய சோறோ, கம்பங்கூழோ, கேழ்வரகுக் கூழோ இருக்கும். தொட்டுக்கொள்ள வெங்காயம், மோர் மிளகாய், கருவாடு. முந்தின இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் பத்து மணிக்குக் கூழ் குடித்தால் நடுவில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் போய்விடும். இப்போது நகரத்தில் 'இடைவெளி விரதம்' என்று பேர் வைத்துச் செயலியில் கணக்குப் பார்க்கிறார்களே, டீயைக் கணக்கில் விட்டால், இது அதற்கு அருகில். பாத் ஆய்வின் நேரக் கணக்குப்படியோ பத்து மணிக் கூழும் காலை உணவுதான். 11 மணிக்கு முன் வந்துவிட்டதே.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத் தக்கது. சாப்பிடாதவர்கள் குறைவாக அசைந்தார்கள் என்பது தன் விருப்பப்படி நாளைக் கழிக்கக்கூடியவர்களிடம் கண்டது. மேஸ்திரி நிரையைப் பிரித்து விட்டபின் நடவு நடுகிறவர், பசிக்கிறது என்று நிதானமாக நட முடியாது. அவருடைய அசைவைத் தீர்மானிப்பது வயிறு அன்று. மேசைமுன் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும், பஸ் ஓட்டுகிறவருக்கும், கடையில் கல்லாவில் இருக்கிறவருக்கும்தான் அந்த முடிவு பொருந்தும் வாய்ப்பு அதிகம்.

"நான் காலையில் எதுவுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை குறையவில்லை" என்பவரின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் டீக்கடையில் கிடைக்கும். பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டீ எண்பது, நூறு கலோரி. பஸ் நிலையத்தில் ஒன்று, வேலைக்கு வந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று. இடையில் ஒரு மெதுவடையோ பருப்பு வடையோ. இட்லித் தட்டு காணாமல் போனாலும் அதன் கலோரி காணாமல் போகவில்லை. புரதம் மட்டும் குறைந்து, எண்ணெயும் சர்க்கரையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இரவு பரோட்டா இந்தக் கணக்கை இன்னும் கெடுக்கும். பெருமளவு உழைப்பு குறைந்து, சாப்பாட்டு முறை மாறிய தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை உள்ளவர்கள்.

காலையா இரவா என்ற கேள்விக்கு வந்த ஆய்வுகள் முழுவதும் ஒத்துப்போகவில்லை. இஸ்ரேலில் 93 பெண்களுக்கு ஒரே 1,400 கலோரியைக் கொடுத்து, ஒரு பாதிக்குக் காலையில் 700, மறு பாதிக்கு இரவில் 700 என்று மாற்றிப் போட்டதில், 12 வாரத்தில் காலை அணி 8.7 கிலோவும் இரவு அணி 3.6 கிலோவும் குறைந்தன. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உணவு முழுவதையும் ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்துக் கண்காணித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் அதிகம் உண்டாலும் இரவில் அதிகம் உண்டாலும் எடைக்குறைவும் ஆற்றல் செலவும் ஒன்றாகவே இருந்தன. காலையில் அதிகம் உண்டபோது பசி குறைவாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டில் அபர்டீன் ஆய்வுக்கே கூடுதல் எடை கொடுக்கத் தோன்றுகிறது. சாப்பாட்டை அவர்கள் கையாலேயே அளந்து கொடுத்தார்கள். பசி குறைவது என்பதும் சின்ன ஆதாயம் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு எதிர்ப்படும் கொத்துப் பரோட்டா வாசனையைக் கடந்து போவதற்கு அது உதவும்.

ஆகவே காலையில் சாப்பிடுவதா என்பதைவிட என்ன சாப்பிடுவது என்பது பெரிய கேள்வி. இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் பெருங்கணக்கெடுப்பு. பொங்கல், பூரி, உப்புமா எல்லாம் அந்தக் கணக்கைத்தான் ஏற்றுகின்றன. கூழுக்கும் விலக்கு இல்லை. கேழ்வரகு மாவு நன்றாக அரைத்துக் காய்ச்சப்பட்டது. கூழ் என்பதனாலேயே சர்க்கரை ஏறாது என்று நினைப்பது தவறு. தண்ணீர் அதிகம் என்பதால் ஒரு சொம்பில் கலோரி குறைவு, அதுதான் அதன் பலம். இந்தப் பக்கத்துக்குக் கைக்கெட்டும் புரதம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. எடையில் கால் பங்கு புரதம் கொண்ட இந்தக் கடலையின் டி.எம்.வி. ரகங்களில் உள்ள அந்த மூன்றெழுத்தே திண்டிவனத்தைக் குறிப்பதுதான். அங்குள்ள எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை அவை. எண்ணெயும் நிறைய உள்ள பொருள் என்பதால் ஒரு கைப்பிடி வேகவைத்தது போதும். பயறு, சுண்டல், முட்டை சேர்ந்தாலும் அதே வேலை நடக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக மேற்சொன்ன கணக்கெடுப்பு 2023இல் கூறியது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேரை நண்பகல் வரை பட்டினி வைத்த ஆய்வில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையின் மொத்த ஏற்றம் காலையில் சாப்பிட்ட நாளைவிட 36.8 சதவீதமும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 26.6 சதவீதமும் அதிகமாக இருந்தது. முந்தைய வேளை உணவு அடுத்த வேளைக்குக் கணையத்தைத் தயார் செய்கிறது. முதல் வேளை இல்லாதபோது அந்த ஒத்திகை நடப்பதில்லை. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் போனால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மாற்றுவது பற்றி மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாதவர்கள் இவர்கள்.

வயிற்றுப்புண் பயம் வேறு. காலையில் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்று வீடுகளில் சொல்வது உண்டு. அல்சருக்கு முதன்மைக் காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் சில வலிநிவாரணி மாத்திரைகளும். கிருமியைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. வெறும் வயிற்றில் கடும் டீ நெஞ்சைக் கரிப்பது உண்மை, ஆனால் அது அல்சர் அன்று.

குழந்தைகளின் கணக்கு வேறு. பெரியவர்களிடம் எடை குறைவதைப் பற்றிய ஆய்வு எதையும் வளரும் பிள்ளைக்குப் பொருத்தக் கூடாது. தமிழக அரசு 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளின் 1.14 லட்சம் பிள்ளைகளுக்காக இருந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. விழுப்புரம் மாவட்டப் பள்ளிகளும் அதில் சேர்ந்தன. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு அரிசி, ரவை, சேமியா, கோதுமை ரவை போன்ற தானியம் 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், கூடவே காய்கறி. காலையிலேயே களை எடுக்கப் போய்விட்ட தாயின் பிள்ளை எட்டரை மணிக்குத் தட்டை நீட்டி வாங்கும் அந்தக் கிச்சடிக்கும் எடைக் குறைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.