உளி கற்பிக்கும் ஒழுக்கம்: கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையும் தொடர் கல்வியும்

தொழில்திறன் பயிற்சி நிலையத்தில் கிடைப்பது என்றும், ஆளுமை வேறோர் இடத்தில் தனியே வளர்த்துக்கொள்ள வேண்டியது என்றும் எண்ணும் போக்கு இன்று பரவியுள்ளது. கைத்தொழில் மரபுகளோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. கையைப் பழக்கும் ஒழுக்கமே மனத்தையும் பழக்கும் என்பது அவற்றின் அடிப்படை நம்பிக்கை. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கோமுகி ஆறு பாயும் சமவெளியில் வேரூன்றிய மரச்சிற்பக் கலை இந்நம்பிக்கைக்குச் சிறந்த சான்றாகும்.

மதுரை வட்டாரத்திலிருந்து இடம்பெயர்ந்த மரச்சிற்பிகள் வழியாக இக்கலை இங்கு வந்ததாகக் கருதப்படுகிறது. கோயில் தேர்கள், கதவுகள், தெய்வ உருவங்கள், அறைகலன்கள் எனப் பலவும் செதுக்கும் கலைஞர்கள் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் வாழ்கின்றனர். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2021-இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தரமும் பெயரும் அது உருவாகும் நிலப்பகுதியோடு பிரிக்க முடியாதவை என்பதைச் சட்டப்படி ஏற்கும் பதிவே புவிசார் குறியீடு. அப்பதிவு 10 ஆண்டுகளே செல்லும்; பிறகு புதுப்பிக்கப்பட வேண்டும். ஆனால் பெயரை மட்டுமே சட்டம் காக்கும்; பெயருக்குரிய தரத்தை ஒவ்வொரு தலைமுறையும் கற்றுத்தான் காக்க முடியும்.

அக்கல்வி சிலை செதுக்குவதில் தொடங்குவதில்லை. உளியைத் தீட்டுதல், செதுக்கி முடித்த பரப்பைத் தேய்த்து மெருகேற்றுதல் போன்ற எளிய பணிகளே முதலில் புதியவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. வெளியே நிற்பவருக்கு இவை ஏவல் வேலைகளாகத் தோன்றினாலும், முனை மழுங்கிய உளியின் கீழ் மரம் எவ்வாறு நசுங்குகிறது என்பதையும், நாரோட்டத்திற்கு எதிராகச் செலுத்திய உளி எவ்வாறு சிலும்பை எழுப்புகிறது என்பதையும் கை இப்பணிகளின் வழியாகவே அறிகிறது. ஈரம் வற்றாத மரம் பின்னாளில் சுருங்கி வெடிக்கும். அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் சமமானதன்று. வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், வளையங்களைக் குறுக்கே கடக்கும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும். தேக்கும் வாகையும் வேம்பும் உளிக்கு வெவ்வேறு விதமாக இணங்குவதால், ஒரு மரத்தில் கற்றதை மறு மரத்தில் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டியுள்ளது. வெட்டுண்ட மரத்தை மீண்டும் ஒட்டவைக்க இயலாது என்பதால், செய்வதற்கு முன் எண்ணுவது சிற்பியின் இயல்பாகவே மாறிவிடுகிறது.

கைப்பழக்கத்தைத் தொடர்வது கணக்கு. சிற்ப நூல்கள் உருவங்களின் அளவைத் தாலம் என்னும் அலகால் வகுக்கின்றன. ஒரு தாலம் 12 அங்குலம். ஓர் அங்குலம் 8 யவம். இங்கே அங்குலம் என்பது அளவுநாடாவில் காணும் நிலையான நீளமன்று, சிலையின் உயரத்திற்கேற்பக் கூடவும் குறையவும் செய்யும் பகுப்பாகும். பத்துத் தாலம் எனப்படும் அளவுமுறைக்குள்ளேயே வேறுபாடுகள் உண்டு: சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு 124 அங்குலமும் தேவியருக்கு 120 அங்குலமும் உரியவை. இவ்விதிகளை உள்வாங்கிய சிற்பியே அவற்றுக்குள் நின்று முகத்தின் கனிவையும் உடலின் நெளிவையும் தம் கற்பனைக்கேற்ப வெளிப்படுத்த வல்லவராகிறார். ஆகவே இக்கலையில் ஒழுக்கம் சுதந்திரத்திற்கு எதிரானதன்று. சுதந்திரத்தை ஈட்டித் தருவதே அதுதான்.

இதே உண்மையை உளவியல் ஆய்வும் தொட்டுள்ளது. 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் நகர வயலின் மாணவர்களை ஆராய்ந்து, நோக்கமுள்ள பயிற்சி என்னும் கருத்தை முன்வைத்தனர். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்யாமல், தன் குறையைக் கண்டறிந்து, வழிகாட்டுபவரின் திருத்தத்தை ஏற்று, அக்குறையின் மீதே உழைப்பது அதன் பொருள். பத்தாயிரம் மணிநேரம் உழைத்தால் எவரும் வல்லுநராகலாம் என்று பின்னர் பரவிய சூத்திரத்தை எரிக்சனே ஏற்கவில்லை. நேரத்தின் அளவைவிடப் பயிற்சியின் தன்மையே அவருக்கு முக்கியமாகப் பட்டது. மூத்த சிற்பி ஒரு கோட்டைச் சுட்டிக்காட்ட, இளையவர் அதை மீண்டும் வரையும் பட்டறைகளில் அத்தகைய பயிற்சி பெயரின்றியே நிகழ்ந்துவந்துள்ளது.

கற்றதோடு நின்றுவிடும் கலைஞருக்கு இக்காலம் கடுமையானது. கணினி இயக்கும் செதுக்கு இயந்திரங்கள் மலிவான அலங்காரப் பலகைகளை விரைந்து தருகின்றன. நல்ல மரத்தின் விலை ஏறுகிறது. வாங்குபவர் தொலைதூர நகரங்களில் இருக்கிறார். எனவே வரைபடம், விலைக் கணக்கு, இணைய விற்பனை ஆகியவையும் சிற்பியின் பாடங்களாகிவிட்டன. 1957-இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பட்ட மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, குருகுலக் கல்விக்கும் பட்டப் படிப்புக்கும் இடையே பாலம் அமைத்துள்ளது.

கற்கும் வாய்ப்பு குலத்தால் வரையறுக்கப்படலாகாது என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின்றிக் கைவினைஞர்களுக்கு மானியத்துடன் கூடிய கடன் வழங்குகிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி இளைஞருக்கும் அடிவாரச் சிற்பியின் மகளுக்கும் எத்தொழிலையும் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் வேண்டும். தேர்ந்த பின்னர் அத்தொழிலில் உயர்வதற்கு ஒழுங்கான பயிற்சியும் திருத்தத்தை ஏற்கும் மனமும் வேண்டும். முன்னதை உறுதிசெய்வது சமூகத்தின் கடமை. பின்னதை நாள்தோறும் பேணுவது கற்பவரின் கடமை. இவ்விரண்டும் கூடும் இடத்தில்தான் தொழில் வளர்ச்சி மனித வளர்ச்சியாகவும் அமைகிறது.