நள்ளிரவில் ஏறிய ரயில்

பலதார மணத்தினின்று தப்பிய பெண்ணின் கதை என்றதும் நாம் காதல் நாவலையே நினைக்கிறோம்: இரவுப் பயணம், துரத்தும் அச்சம், மீட்கவரும் காதலன். ஆன் எலைசா யங்கின் மெய்வரலாற்றில் அக்காதலன் இல்லை.

அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் மார்மன் சமயத் தலைவர் பிரிகாம் யங்கின் மனைவியர் பலருள் இவர் ஒருவர். 1873-இல் விவாகரத்து கோரி வழக்கிட்டார். நவம்பர் இரவொன்றில் சால்ட் லேக் நகரைவிட்டு இரகசியமாக வெளியேறி ரயிலேறினார். பின்னர் ஊர்தோறும் சொற்பொழிவாற்றிப் பிழைத்தார்.

1877-இல் தீர்ப்புக் கிடைத்தது: பலதார மணம் சட்டப்படி மணமே அன்று, ஆகவே விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை! 1890-இல் அச்சமயத் தலைமை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

தீய வழக்கத்தைச் சட்டம் மறுப்பது நன்றே. அதில் சிக்கியவளையும் காத்தாலன்றோ அது நீதியாகும்?