பூமிப்பந்தின் மறுபக்கத்துக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். பூமியின் சுற்றளவோ ஓர் அங்குலமும் குறையவில்லை. இன்றும் அது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான். குறைந்தது பயண நேரமே. அந்த நேரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைச் சிங்கப்பூர் – நியூயார்க் விமானப் பயணத்தைக் கொண்டு காண்போம். இடையில் எங்கும் இறங்காமல் செல்லும் உலகின் மிக நீண்ட பயணங்களுள் அது ஒன்று.

எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் பலர். அங்கிருந்து அமெரிக்கா செல்லவிருந்த ஒருவரின் தாயார், "எத்தனை நேரம் தம்பி அந்தரத்திலேயே இருப்பான்? நீ காலேஜில் படிக்கிறாயே, சொல்லு" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடை சொல்வது என் கடமையாயிற்று.

எது குறுக்கு வழி?

சிங்கப்பூர் 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், நியூயார்க் 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178 பாகை; அதாவது, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்புறம். சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் பசிபிக் கடலின் குறுக்கே கோடு போடத் தோன்றும். உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டிச் செல்லும்!

சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, மொத்தம் 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால், தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் ஆகும்.

காற்றின் பங்கு

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் எனில் 17 மணி நேரம் போதும். ஆனால் அட்டவணையில் பதினெட்டு மணிக்கு மேல் உள்ளது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பது ஒரு காரணம். காற்று மற்றொன்று. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஆறுபோல் ஓடுகிறது. அதன் முதுகில் ஏறிக்கொள்ள, நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக் வழியே கிழக்கு நோக்கிச் செல்கிறது. திரும்பும்போதும் பல நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கு நோக்கியே வருகிறது! சுற்று வழியாயினும் எரிபொருள் மிச்சம்.

எரிபொருளே இப்பயணத்தின் உயிர். அதைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். 2004இல் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்குத் தொடங்கிய நேரடிப் பயணம், நான்கு எஞ்சின் விமானத்தின் எரிபொருள் செலவு கட்டுபடியாகாமல் 2013இல் நின்றது. இரண்டே எஞ்சின்களுடைய ஏர்பஸ் ஏ350 வகை விமானம் 2018இல் அதை மீட்டது. 2020 முதல் நியூயார்க்குக்கும் பறக்கிறது. பாரத்தைக் குறைக்க அதில் 161 இருக்கைகளே வைத்தனர்.

கடிகாரப் புதிர்

குளிர்காலத்தில் சிங்கப்பூரைவிட நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியது. அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் இரவு 8 மணி. நியூயார்க்கிலோ அன்றே காலை 7 மணி! திரும்பி வருவோர் முதல் நாள் இரவு ஏறி, மூன்றாம் நாள் காலையில் இறங்குவர்.

நண்பர்களே! "கோணமும் பாகையும் சோற்றுக்கு உதவுமா?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. எதிர்க்காற்றைத் தவறாகக் கணித்தால், நடுக்கடலுக்கு மேலே எரிபொருள் கடன் கேட்க அண்டை வீடு இல்லை. அத்தனை பேரின் உயிரையும் ஒரு கணக்கு தாங்கி நிற்கிறது. அக்கணக்கின் முதல் வரி, நாம் சலிப்போடு புரட்டும் பாடநூலில்தான் இருக்கிறது.