கொல்லிப் பண்ணும் பத்தாம் பாட்டும்

கொல்லி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கை. ஒன்று மலை. வல்வில் ஓரியின் மலை. வன்பரணர் புறநானூற்றில் (152, 153) ஓரியின் வில்லையும் கொடையையும் பாடியதால் பாணர்களோடு சேர்த்தே நினைவுக்கு வரும் மலை. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர். இன்னொன்று பண். தேவாரப் பண்களில் ஒன்று. ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். மலைக்கும் பண்ணுக்கும் இடையில் பெயரொற்றுமைக்கு மேல் எதையும் நான் இங்கே கோரவில்லை. நமது காலத்துத் தகராறு ஒன்றைப் பேச இந்தப் பண் வாகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தகராறு இதுதான்: மோசமான கருத்துடைய ஒருவனின் இசையை என்ன செய்வது? 'பாட்டு வேற, ஆளு வேற' என்று ஒரு கட்சி. 'ஆளே விஷம்னா பாட்டு மட்டும் எப்படி அமுதமாகும்' என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் ஒரு பொதுவான சோம்பேறித்தனம் உண்டு: எதை எதிலிருந்து பிரிப்பது என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை.

இந்த விவாதத்தில் மேற்கில் அடிக்கடி இழுக்கப்படும் ஆள் நார்வேக்காரன் வார்க் விகர்னெஸ். 'பர்ஸும்' என்ற பெயரில் தனியாளாக பிளாக் மெட்டல் இசைத்தவன். 1993இல் சக இசைக்கலைஞன் ஐஸ்டைன் ஆர்செத்தைக் குத்திக் கொன்றான். அந்தக் கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்குமாக 1994இல் 21 வருடச் சிறைத் தண்டனை. 2009இல் வெளியே வந்தான். யூத வெறுப்பும் இனவெறியும் அவன் எழுத்துகளில் வெளிப்படையாகவே உண்டு. 2014இல் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று இன வெறுப்பைத் தூண்டியதாக அவனைத் தண்டித்தது. ஆனால் அவனுடைய ஆல்பங்களின் சொற்களில் இந்த வெறுப்பைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இருட்டு, காடு, குளிர், மரணம் இவைதான். 'பர்ஸும்' என்ற பெயரே டோல்கினின் கற்பனை மொழியில் இருட்டைக் குறிப்பது. மட்டமான மைக், கரகரக்கும் கிதார், திரும்பத் திரும்ப வரும் ஒரே இழை. சுத்தமான ஒலிப்பதிவுக்கு எதிரான ஓர் அழகியல். அந்த ஒலியை நாஜிகளின் சொத்து என்று யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவும் முடியவில்லை. அமெரிக்காவின் 'பனாப்டிகான்' என்ற இசைக்குழு 2012இல் 'கென்டக்கி' என்ற ஆல்பத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டங்களை இதே பிளாக் மெட்டலுக்குள் கொண்டுவந்தது.

அதாவது இங்கே வெறுப்பு பிரதிக்கு வெளியே, ஆளிடம் இருக்கிறது. இந்த வகையில் பிரித்தல் சாத்தியம். என்றாலும் இலவசம் இல்லை. ஆல்பத்தை வாங்கினால் காசு அவனுக்குப் போகிறது. அவன் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டால் மரியாதை போகிறது. கேட்பது ஒரு செயல், மாலை போடுவது வேறொரு செயல். 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட புத்தகத்துக்கு இளையராஜா முன்னுரை எழுதியபோது நம்மில் பலர் குழம்பியது இந்த இடத்தில்தான். முன்னுரையை அக்குவேறு ஆணிவேறாக விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். அதற்காகப் பழைய பாடல்களுக்குள் புகுந்து காவியைத் துப்பறிவது வெட்டி வேலை. அதே நேரம், 'அவர் இசைஞானி, அரசியல் பேசினா கண்டுக்காதீங்க' என்பதும் விமர்சனத்தைத் தடுக்கும் தந்திரமே. பாட்டுக்காரனுக்குக் கருத்தே கிடையாது என்று சொல்வது அவனைக் கௌரவிப்பதாகாது.

இதெல்லாம் சுலபமான வகை. வெறுப்பு பாட்டின் உள்ளேயே இருந்தால்?

வாக்னர் விஷயத்தில் அடோர்னோ எழுப்பிய கேள்வி இது. 1850இல் 'இசையில் யூதம்' என்ற கட்டுரையை வாக்னர் புனைபெயரில் வெளியிட்டார். 1869இல் சொந்தப் பெயரிலேயே மறுபடி போட்டார். யூதனால் ஐரோப்பிய மொழியை அந்நியனாகத்தான் பேச முடியும், அவன் பேச்சின் ஓசையே காதை அறுக்கிறது, எனவே அவனிடமிருந்து உண்மையான இசை வராது என்பது அதன் வாதம். கட்டுரையைக் குப்பையில் எறிந்துவிட்டு இசை நாடகங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். முடியாது என்கிறார் அடோர்னோ. வாக்னரின் நாடகங்களில் ஒதுக்கித் தள்ளப்படும் பாத்திரங்கள் எல்லாம் யூதனின் கேலிச் சித்திரங்கள், கேலி அவர்களின் உடம்பிலும் குரலிலும் ஏற்றப்பட்டிருக்கிறது என்று வாதிடுகிறார். மற்றமையின் கருத்தை மறுப்பதோடு நில்லாமல் அவன் எழுப்பும் ஓசையையே பழிப்பது. இந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவோம்.

சம்பந்தர் பதிகங்களின் அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய மாலும் அயனும், பத்தாம் பாட்டில் சமண பௌத்தர் மீது வசவு. ஏறக்குறைய எல்லாப் பதிகங்களிலும் இந்த ஒழுங்கு வருகிறது. மேடைக் கச்சேரிகளில் இரண்டு மூன்று பாட்டு எடுத்துப் பாடுவார்கள். பத்தாவது பெரும்பாலும் வராது. ஆக, பிரித்தெடுக்கும் வேலையைப் பாடகர்கள் ஏற்கனவே சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கொல்லிப் பண்ணில் இந்தச் சௌகரியம் இல்லை. மூன்றாம் திருமுறையில் 24ஆம் பதிகம், கழுமலத்தைப் பாடுவது, கொல்லி. மண்ணில் நல்லபடி வாழ்வதைப் பற்றியது. கல்யாண வீடுகளில் பாடுகிறார்கள். நாலாம் திருமுறையின் முதல் பதிகம், சூலை நோயில் துடித்த அப்பர் சமணத்தை விட்டு வந்து அதிகையில் பாடியதாகச் சொல்லப்படுவது, அதுவும் கொல்லி. உடம்பின் வலியை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு பக்தி இலக்கியத்தில் குறைவு. இதே கொல்லியில்தான் மூன்றாம் திருமுறையின் 39ஆம் பதிகமும் இருக்கிறது. பாண்டியன் தேவியைப் பார்த்து, என்னைச் சின்னப் பையன் என்று நினைத்து வருந்தாதே, இவர்களுக்கு நான் எளியவன் அல்ல என்று சம்பந்தர் சொல்லும் ஆலவாய்ப் பதிகம். இதில் பத்தாம் பாட்டை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாடலாம் என்றால் மிச்சம் ஒன்றும் தேறாது. சமணத் துறவியரின் அழுக்கு, உணவு, நடை என்று பாட்டுக்குப் பாட்டு ஏளனம். சேனன், நந்தி என்று முடியும் அவர்களுடைய பெயர்களை அடுக்கி, அந்த அடுக்கையே நையாண்டி ஆக்குகிறது. பாகதத்தைக் கலந்து இரைகிறார்கள் என்கிறது. ஆரியமும் செந்தமிழும் அறியாத குருடர்கள் என்கிறது. வாக்னருக்கு ஆயிரத்து இருநூறு வருடம் முன்னால் ஏறக்குறைய அதே குற்றச்சாட்டு! (செந்தமிழ் அறியாத அந்தக் கூட்டத்தின் வழி வந்த பவணந்திதான் பிறகு நமக்கு நன்னூல் எழுதிக் கொடுத்தார்.) சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஏழாம் திருமுறையின் 33ஆம் பதிகத்தில், இதுவும் கொல்லிதான், சமணர் ஓதுவதை ஞகர ணகர மூக்கொலிகளாகவே செய்து காட்டிவிடுகிறார். தெருவில் ஒரு பையன் இன்னொரு பையனின் பேச்சை மூக்கால் பேசிக் காட்டுவானே, அது.

இப்போது பிரித்துப் பாருங்கள். பண்ணைப் பிரிக்க முடியும். ஒரே கொல்லி வாழ்த்தையும் வலியையும் வசவையும் தாங்குகிறது என்பதே அதற்குச் சாட்சி. அந்த வகையில் அது பிளாக் மெட்டலின் கிதார் இழை மாதிரிதான். ஆனால் அந்த மூக்கொலியைப் பிரிக்க முடியாது. அங்கே ஒலிதான் பழிப்பு, பழிப்புதான் ஒலி. 'அர்த்தத்தை விடுங்க, நாதத்தைக் கேளுங்க' என்கிற ரசிகசிகாமணிகளின் வழி இந்த இடத்தில் அடைபட்டுப் போகிறது.

நமது தரப்பின் எதிர்வினையிலும் கோளாறு உண்டு. சம்பந்தர் என்றவுடன் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியவர் என்று ஆரம்பித்துவிடுகிறோம். சம்பந்தர் பாடல்களில் கழுவேற்றம் கிடையாது. பிற்பாடு நம்பியாண்டார் நம்பியிடம் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் விரிந்த கதையாகிறது. அதன் பிறகு கோயில் சுவர்களில் ஓவியமாகிறது. நடந்ததா என்பது வரலாற்றாய்வின் வேலை. நடந்திருக்கலாம் என்று பெருமிதத்தோடு சொல்லிக்கொள்ள ஒரு சமூகம் விரும்பியது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஏழாம் நூற்றாண்டின் வசவு, அரச ஆதரவுக்காகப் போட்டியிட்ட ஒருவனின் வசவு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கதை, போட்டியில் ஜெயித்து முடித்தவர்களின் கதை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அந்தப் பாட்டை அழித்துவிடலாம் என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். 39ஆம் பதிகம் ஏளனம் செய்கிற போக்கில் கிளிவிருத்தம், எலிவிருத்தம் என்ற இரண்டு சமண நூல்களைச் சொல்லிப் போகிறது. அந்த நூல்கள் இன்று இல்லை. நரிவிருத்தம் தப்பித்தது, இந்த இரண்டும் தப்பவில்லை. வசவுப் பாட்டை நீக்கினால் வையப்பட்டவர்களின் தடயமும் கூடவே போய்விடும்.

யார் பாடினார்கள் என்ற பக்கமும் இருக்கிறது. சம்பந்தருக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், பாணர் குலம். சாத்தமங்கையில் நீலநக்கர் வீட்டில் அவருக்கும் மதங்கசூளாமணிக்கும் வேள்வி வேதிகைக்கு அருகில் படுக்க இடம் கொடுத்த கதை பெரியபுராணத்திலேயே இருக்கிறது. வேள்வித் தீ வலமாகச் சுழித்து எரிந்து அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. வசவின் மொழி பிள்ளையாருடையது. அதற்கு நரம்பு மீட்டிய விரல், வாசல் தாண்ட நெருப்பின் சிபாரிசு கேட்ட விரல். 'கலைஞனின் கருத்து' என்று ஒருமையில் பேசும்போது இந்த விரல் காணாமல் போகிறது.

2008 மார்ச்சில் சிதம்பரம் திருச்சிற்றம்பல மேடையில் ஓதுவார் ஆறுமுகசாமி தேவாரம் பாடும் உரிமைக்காகத் தீட்சிதர்களோடு மோத வேண்டியிருந்தது. அவருக்குத் துணை நின்றவர்களில் கடவுள் மறுப்பாளர்களும் இடதுசாரிகளும் நிறைய. 'இவங்களுக்கு என்னத்துக்குத் தேவாரம்?' என்று கேலி செய்தார்கள். கேலி தப்பு. அங்கே போராட்டம் மேடை யாருடையது, மொழி யாருடையது என்பதற்காக. அதற்குத் தேவாரத்தின் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் போராடிப் பெற்ற மேடையில் நாளைக்கு என்ன பாடுவது என்ற கேள்வியை நாமே எழுப்பாவிட்டால் வேறு யார் எழுப்புவது? மேல்சித்தாமூரிலும் வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலும் தமிழ்ச் சமணர்கள் இன்னமும் வாழ்கிறார்கள். 39ஆம் பதிகம் அவர்கள் காதிலும் தமிழாகத்தான் விழும்.

என் கட்சி இது. பதிப்பில் பத்தாம் பாட்டு இருக்க வேண்டும், உரை மழுப்பக் கூடாது. வகுப்பில் அதைப் படித்துக் காட்ட வேண்டும். அரசு விழாவிலும் பொதுச் சபையிலும் வாழ்த்துப் பாட்டாக அதை எடுக்கக் கூடாது. இதைத் தடை என்று யாராவது சொன்னால், 2024 மார்ச்சில் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தபோது நடந்ததைப் பார்க்கட்டும். பெரியாரைக் கொண்டாடுகிறார் என்பதைக் குற்றமாகச் சொல்லி மியூசிக் அகாதமி விழாவிலிருந்து சில வித்வான்கள் விலகினார்கள். விலகுவது அவர்கள் உரிமை. வேடிக்கை என்னவென்றால், இசையையும் கருத்தையும் கலக்காதே என்று காலமெல்லாம் நமக்குப் பாடம் எடுத்த சபைகளிலிருந்துதான் அந்தக் குரல் வந்தது.

பெரியகோவிலூர் அறப்பளீசுவரருக்குத் தேவாரத்தில் தனிப் பதிகம் இல்லை, வைப்புத் தலம். ஆறாம் திருமுறையின் அடைவுத் திருத்தாண்டகத்தில், பள்ளி என்று முடியும் ஊர்களின் வரிசையில் 'அறைப்பள்ளி' என்று அப்பர் பெயர் மட்டும் சொல்லிப் போகிறார். சமண பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்கும் பள்ளி என்றுதான் பெயர். அப்பருக்கு முந்தைய பெயர் தருமசேனர் என்கிறது பெரியபுராணம். சம்பந்தரின் 39ஆம் பதிகம் கேலி செய்யும் பெயர்ப் பட்டியலிலும் ஒரு தருமசேனன் இருக்கிறான். சுந்தரரின் 33ஆம் பதிகத்திலும் இருக்கிறான். கொல்லிமலைக் கோயிலில் ஓர் ஓதுவார் கொல்லிப் பண்ணில் பாட நினைத்தால் வேறு ஊருக்குப் பாடிய பதிகம் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும். கழுமலமும் இருக்கிறது, அதிகையும் இருக்கிறது, ஆலவாயும் இருக்கிறது.