சக்கரத்தின் கீழே – 9: ஏழு டிகிரிக்குக் கீழே

கனடாவில் அக்டோபர் பிறந்ததும் டயர் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். "இன்னும் பனியே விழவில்லையே, அதற்குள் என்ன அவசரம்?" என்று புதிதாகக் குடியேறியவர்கள் கேட்பதுண்டு. குளிர்கால டயர் பனிக்கு மட்டும் செய்யப்பட்டதல்ல. குளிருக்கும் செய்யப்பட்டது.

ரப்பர் கலவையைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையோடு ஒட்டிப் படியாது. தரை காய்ந்திருந்தாலும் பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் கலவையோ உறைநிலைக்குக் கீழேயும் இளக்கமாகவே இருக்கும். அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல் ஏராளமான மெல்லிய வெட்டுகள் உண்டு. அவற்றின் விளிம்புகள்தாம் பனியைக் கவ்வுகின்றன.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. பள்ளங்களின் அமைப்பை வைத்தே அது பொறிக்கப்படுகிறது. பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டியதில்லை. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் இருக்கும் சின்னம்தான் சோதனையில் தேறியதற்கு அடையாளம். அந்தச் சோதனையும் இறுகிய பனியில் நடப்பது. கண்ணாடிப் பனிக்கட்டியில் டயர் எப்படி நிற்கும் என்பதை அது சொல்லாது.

கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் அதைப் பூட்டியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் 2016 முதல் கட்டணச் சலுகை தந்தாக வேண்டும்.

நடுவே 'ஆல் வெதர்' என்றொரு வகை உண்டு. மலைச் சின்னம் பெற்றது. ஆண்டு முழுவதும் கழற்ற வேண்டாம். டொரொன்டோவுக்குள், உடனுக்குடன் பனி அகற்றப்படும் சாலைகளில் மட்டும் ஓட்டுபவருக்கு அது போதும். விடியுமுன் வேலைக்குக் கிளம்புபவரும், சட்பரி, தண்டர் பே என்று வடக்கே போகிறவரும் தனிக் குளிர்கால டயரே வாங்க வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும்; நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர்தான். செலவைக் குறைக்க முன்னால் மட்டும் இரண்டு மாற்றுவது இன்னும் ஆபத்து: திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள்.

இரண்டு செட் வாங்குவது இரட்டைச் செலவு அல்ல. ஒன்று ஓடும்போது மற்றொன்று தேயாமல் இருக்கிறது. முதல் காரை வாங்கப் பணம் சேர்க்கிறவர்கள் டயருக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கொஞ்சம் பழைய காராக இருந்தாலும் பரவாயில்லை; நல்ல டயர் இருக்கட்டும்.

குளிர் ஏறினால் டயரில் காற்றழுத்தமும் இறங்கும். அதை எப்போது, எப்படிச் சரிபார்ப்பது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)