மரம் பிடிக்கும் கரி, எந்திரம் பிடிக்கும் கரி

காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 0.04 சதவீதம்தான். 2,500 மூலக்கூறுகளைத் துழாவினால் ஒன்று கிடைக்கும். இந்தத் தேடலுக்கு மரம் வெயிலைப் பயன்படுத்திக்கொள்கிறது. எந்திரத்துக்கோ மின்சாரமும் வெப்பமும் வேண்டும்.

ஐஸ்லாந்தில் 2021-ல் தொடங்கிய ‘ஓர்கா’ ஆலைக்கு இரண்டும் புவிவெப்பத்திலிருந்தே கிடைத்தன. ராட்சத விசிறிகள் இழுக்கும் காற்றிலிருந்து வடிகட்டியிலுள்ள வேதிப்பொருள் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். சுமார் 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் பிடியை விடும். அதைத் தண்ணீரில் கரைத்து (சோடா தயாரிப்பது போலத்தான்) நிலத்தடி பசால்ட் பாறைக்குள் செலுத்துவார்கள். அமில நீர் பாறையின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்தெடுக்க, கரி கார்பனேட் கல்லாகிறது. அங்கே நடந்த முந்தைய சோதனையில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது! ஆனால் ஓர்காவின் திட்டமிட்ட கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 டன். உலகம் அதை நான்கு நொடிக்குள் புகைத்துத் தள்ளுகிறது.

கல் எரியாது, காடு எரியும். மரத்தின் பலவீனம் அது. அலையாத்திக் காடு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: அதன் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் வேரும் இலையும் எளிதில் மட்காது, கரி நூற்றாண்டுக் கணக்கில் அடியிலேயே கிடக்கும். அந்தச் சேற்றை வெட்டி இறால் பண்ணை போட்டால், மறுபடி காற்றுக்கே.